கண்ணாடித் தொட்டியின் கலிங்கு

சென்னை கொளத்தூரில் அலங்கார மீன் கடைகள் நெருக்கியடித்து நிற்கும் தெரு ஒன்றில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கடைக்குள் கண்ணுக்கு நேர் உயரத்தில் நாலடித் தொட்டி. நீர்மட்டம் அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் நின்றது. தொட்டிக்குள் நீர் விழும் சலசலப்பு மட்டும் மெல்லக் கேட்டது. பக்கத்தில் நின்ற பையன், பள்ளியில் ஒன்பதாவதோ பத்தாவதோ படிப்பவன், கடைக்காரரிடம் கேட்டான்.

“அண்ணே, தண்ணிய இப்படி ஒரே மட்டமா நிறுத்தி வெக்கிற மெஷின் எது?”

“மெஷின்லாம் இல்ல தம்பி. அதோ பார், அந்தக் கண்ணாடிப் பட்டை. அதான் எல்லாம்.”

பையன் நம்பவில்லை. கடைக்காரர் தொட்டியின் பின்மூலையில் ஒட்டியிருந்த கறுப்புப் பட்டையைக் காட்டினார். அதன் மேல்விளிம்பில் நீர் மெல்லிய படலமாக ஏறி, வளைந்து, மறுபக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் சொன்னது முழு உண்மை. அந்தப் பட்டையில் உணர்கருவி இல்லை, மோட்டார் இல்லை, அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் தொட்டியில் நீர் எவ்வளவு நிற்கலாம் என்பதை இரவும் பகலும் அதுதான் முடிவு செய்கிறது. இந்த வேலையைச் செய்யும் அமைப்புக்குத் தமிழில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது: கலிங்கு.

ஏரிக்கரையில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஏரிக்கு இரண்டு வாய்கள். பாசனத்துக்குத் திறந்துவிடும் மதகு ஒன்று. அது கரையின் அடியில் இருக்கும். மிகுந்த நீர் தானே வழிந்து போகும் கலிங்கு இன்னொன்று. அது கரையின் உச்சியைவிடத் தாழ்வாக, ஆனால் ஏரி நிரம்ப வேண்டிய மட்டத்துக்குச் சரியாக, கல்லால் கட்டப்பட்டிருக்கும். மதகைத் திறக்க ஆள் வேண்டும். கலிங்குக்கு யாரும் வேண்டாம். நள்ளிரவில் மழை கொட்டினாலும், ஊரே தூங்கினாலும், நீர் அந்த மட்டத்தைத் தொட்டதும் வழியத் தொடங்கிவிடும். வடமாவட்டங்களில் ‘ஏரி கோடி போகுது’ என்பார்கள். தெற்கே ‘குளம் மறுகால் பாயுது’ என்பார்கள். மண்கரை மேல் நீர் ஏறினால் கரை அரித்து உடையும். கலிங்கு இருப்பதால்தான் கரை பிழைக்கிறது.

மீன்தொட்டியில் எதற்கு ஏரியின் ஏற்பாடு? தொட்டியைத் தூய்மையாக வைக்கும் வடிகட்டி, சூடேற்றி, நுரைபிரிப்பான் எல்லாவற்றையும் கண்ணுக்குத் தெரியாமல் கீழே அலமாரிக்குள் வைக்கலாம் என்பது ஒரு காரணம். அந்தக் கீழ்த்தொட்டியைச் ‘சம்ப்’ என்கிறோம். சென்னை வீட்டில் தரைக்கடியில் இருக்கும் சம்ப்புக்கும் அதே பெயர்தான், வேலையும் ஏறக்குறைய அதேதான். கீழே சம்ப், அதில் மோட்டார், மேலே தொட்டி, தொட்டி நிரம்பினால் வழிந்து போக ஒரு குழாய். வீட்டில் அந்த வழிகுழாயிலிருந்து நீர் கொட்டினால் யாராவது ஓடிப்போய் மோட்டாரை நிறுத்துவார்கள். மீன்தொட்டியிலோ வழிவதுதான் இயல்பு நிலை. மோட்டார் நிற்காமல் மேலேற்றிக்கொண்டே இருக்கும், தொட்டி நிற்காமல் வழிந்துகொண்டே இருக்கும், வழிந்தது சம்ப்புக்கே திரும்பும்.

என் கணக்கில் இதைவிடப் பெரிய காரணம் இன்னொன்று. அசையாத தொட்டியின் மேற்பரப்பை விளக்கை அணைத்துவிட்டுப் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். எண்ணெய் பூசியதுபோல் மங்கலான படலம் மிதக்கும். மீனின் கழிவு, மீந்த உணவு, அழுகும் இலை ஆகியவற்றிலிருந்து வரும் புரதமும் கொழுப்பும் நீரின் மேற்பரப்பைத் தேடி வந்து ஒட்டிக்கொள்கின்றன. அந்த மூலக்கூறுகளின் ஒரு முனை நீரை விரும்புவது, மறுமுனை நீரை விலக்குவது. நீரும் காற்றும் சந்திக்கும் இடம்தான் இரு முனைகளுக்கும் ஏற்ற இடம். மீனுக்கு ஆக்சிஜன் நுழைவதும் கரியமில வாயு வெளியேறுவதும் அந்த மேற்பரப்பு வழியாகவே. அங்கே ஆடை படர்ந்து, பரப்பும் அசைவற்றுக் கிடந்தால் வாயுப் பரிமாற்றம் மந்தமாகும். சாதாரண வடிகட்டிகள் தொட்டியின் நடுவிலிருந்தோ அடியிலிருந்தோ நீரை உறிஞ்சுவதால் இந்த ஆடையைத் தொடுவதே இல்லை. கலிங்கு மட்டும் மேல்படலத்தை முதலில் எடுக்கிறது, பாலின் மேலிருந்து ஆடையை வழிப்பதுபோல.

வழியும் நீரின் கனத்துக்கும் அளவுக்கும் உள்ள உறவைத் துல்லியமாக அளந்தவர்களில் முக்கியமானவர் ஜேம்ஸ் ஃபிரான்சிஸ். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்கா போனவர். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லோவெல் நகரில் துணியாலைகள் கால்வாய் நீரால் இயங்கின. எந்த ஆலை எவ்வளவு நீரைப் பயன்படுத்துகிறது என்பது காசு விவகாரம். அதைத் தீர்க்க ஃபிரான்சிஸ் 1852இல் பெரிய அளவில் சோதனைகள் நடத்தி, 1855இல் நூலாக வெளியிட்டார். அவர் தந்த சூத்திரத்தை இப்படிச் சொல்லலாம்: விநாடிக்கு வழியும் கனமீட்டர் நீர் என்பது 1.84 பெருக்கல் விளிம்பின் நீளம் பெருக்கல் நீர்ப்படலத்தின் உயரத்தின் ஒன்றரை மடி. உயரம் என்பது விளிம்பை ஒட்டிய இடத்தில் அளப்பது அல்ல. அங்கே நீர் சரியத் தொடங்கியிருக்கும். சற்றுத் தள்ளி, மட்டமாக நிற்கும் இடத்தில் அளக்க வேண்டும்.

அந்த ஒன்றரை மடி எங்கிருந்து வருகிறது? படலம் தடித்தால் இரண்டு ஆதாயம். நீர் போக இடம் கூடுகிறது, அது உயரத்தின் விகிதத்தில். நீரின் வேகமும் கூடுகிறது, அது உயரத்தின் வர்க்கமூல விகிதத்தில். இரண்டையும் பெருக்கினால் ஒன்றரை மடி. மதகில் இது கிடையாது. அடியில் இருக்கும் ஓட்டையின் அளவு மாறாது, வேகம் மட்டுமே கூடும். விளைவைப் பாருங்கள்: மதகின் மேல் நிற்கும் நீர் 10 சதவீதம் உயர்ந்தால் வெளியேற்றம் 5 சதவீதம்தான் கூடும். கலிங்கின் மேல் ஓடும் படலம் 10 சதவீதம் தடித்தால் வெளியேற்றம் 15 சதவீதம் கூடிவிடும். உள்ளே வருவது கொஞ்சம் மிகுந்தாலும் கலிங்கு அதைவிட வேகமாக வழிவிடுகிறது. மட்டம் கோடு போட்டதுபோல் நிற்பதற்கு இதுதான் காரணம்.

நம் நாலடித் தொட்டிக்கு இதைப் பொருத்துவோம். நீளம் 120 செ.மீ., அகலம் 45 செ.மீ., உயரம் 50 செ.மீ. வழிவிளிம்பு 30 செ.மீ. நீளம். மோட்டார் மேலேற்றி முடித்தபின் உண்மையில் தருவது மணிக்கு 2,000 லிட்டர் என்று கொள்வோம். பெட்டியில் அச்சிட்டிருப்பது உயரமே ஏற்றாதபோது கிடைக்கும் அளவு. ஒரு மீட்டருக்கு மேல் ஏற்றினால் கணிசமாகக் குறையும். ஃபிரான்சிஸின் கணக்குப்படி 2,000 லிட்டர் வழிய, விளிம்பின் மேல் படலம் 1 செ.மீ. உயரம் இருந்தால் போதும். மோட்டாரை மாற்றி இரட்டிப்பாக்கினால் படலமும் இரட்டிப்பாகாது, 1.6 செ.மீ.தான். மாறாக, விளிம்பைப் பின்சுவர் முழுக்க 120 செ.மீ. நீட்டினால் அதே 2,000 லிட்டர் 4 மி.மீ. படலமாக மெலிந்து வழியும். ஆடையை வழித்தெடுக்க இதுவே மேல். நீளமான விளிம்பு, மெல்லிய படலம் என்று விவரம் தெரிந்தவர்கள் வற்புறுத்துவது இதனால்தான். இன்னும் மெலிந்து ஓரிரண்டு மில்லிமீட்டருக்குப் போனால் கணக்கு பொய்த்துவிடும். விளிம்பு நிரம்பிய டம்ளரில் நீர் வாய்க்கு மேல் சற்றே உப்பி நிற்கிறதல்லவா, அந்தப் பரப்பு இழுவிசை இங்கேயும் நீரைப் பிடித்து நிறுத்தும். படலம் முழு நீளத்துக்கும் வழியாமல் அங்கங்கே நூல்நூலாக ஒழுகும்.

விளிம்பில் சீப்புப் பல் வைப்பது வழக்கம். குட்டி மீன்கள் வழிந்து போகாமல் தடுக்க. ஆனால் பல் பாதி, இடைவெளி பாதி என்றால் 30 செ.மீ. விளிம்பு உண்மையில் 15 செ.மீ. ஆகிவிட்டது என்று பொருள். படலம் 1.6 செ.மீ.க்கு ஏறும். ஏரிக் கலிங்குகளிலும் இதே கதை உண்டு. கலிங்கின் மேல் வரிசையாகக் கற்களை நட்டிருப்பார்கள். பருவத்தின் கடைசியில், இனிப் பெருமழை வராது என்று தெரிந்தபின், கற்களுக்கு இடையே மண்ணும் புல்கரணும் வைத்து அடைத்து ஏரியில் இன்னும் கொஞ்சம் நீரைத் தேக்குவார்கள். கணிப்பு தவறிப் பெருமழை வந்தால் கரைக்கு ஆபத்து. தொட்டியில் பல்லிடுக்குகளைப் பாசியும் நத்தையும் அடைப்பது அதே ஆபத்தின் சிறு உருவம். வாரம் ஒருமுறை பழைய பல்துலக்கியால் அந்த இடுக்குகளைத் தேய்த்துவிடுவது நான் தவறவிடாத வேலை.

கீழே இருட்டில் ஒரு பெரிய நீர்த்தேக்கம், மேலே வெளிச்சத்தில் காட்சித்தொட்டி, இரண்டுக்கும் இடையே ஓயாத சுழற்சி என்ற எண்ணம் நம் காலத்துக் கண்டுபிடிப்பு அல்ல. லண்டன் விலங்குக் காட்சிச்சாலை 1853இல் மீன்களுக்கென்று தனிக் கட்டடம் திறந்ததும் இங்கிலாந்தில் கண்ணாடித் தொட்டி மோகம் பற்றிக்கொண்டது. அந்த மோகத்தில் தொட்டி விற்கும் கடை வைத்திருந்தவர் வில்லியம் ஆல்ஃபோர்ட் லாய்ட். அவர் வியாபாரத்தோடு நிற்கவில்லை. ஹாம்பர்க்கில் 1864இல் திறந்த காட்சிச்சாலைக்கும், 1871இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் திறந்ததற்கும் நீர்ச்சுழற்சியை வகுத்தார். கடல் தொலைவில் இருக்கும் ஊரில் கடல்நீரைத் தினம் மாற்ற முடியாது. அதனால் காட்சித்தொட்டிகளைவிடப் பலமடங்கு பெரிய தேக்கத்தைத் தரைக்கடியில் கட்டி, நீராவி எஞ்சினால் மேலேற்றி, தொட்டிகளிலிருந்து வழிந்து கீழே திரும்பும்படி செய்தார். இருட்டில் பாசி வளராது, பெரிய கொள்ளளவில் வெப்பம் சட்டென்று ஏறாது, ஒரு தொட்டியில் கெட்டது மொத்த நீரில் கரைந்து நீர்த்துப்போகும். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் 1874இல் திறந்த கடலுயிர் ஆய்வு நிலையத்தின் காட்சிச்சாலையும் அவர் ஆலோசனையில் உருவானதுதான். இன்று சோபாவுக்குப் பக்கத்தில் அலமாரிக்குள் முனகும் சம்ப் அந்தத் தேக்கத்தின் பேரன்.

விளிம்பைத் தாண்டிய நீர் ஒரு சிறு பெட்டியில் விழுகிறது. அங்கிருந்து குழாய் வழியாகக் கீழே போக வேண்டும். இதுவரை எல்லாம் எளிமை. தலைவலி இங்கேதான் தொடங்குகிறது. கண்ணாடியில் துளையிட்டு, டேங்க் கனெக்டர் மாட்டி, ஒரு அங்குல பிவிசி குழாயை நேராக நிறுத்தி, நீர் அதன் வாயில் வழிந்து போகட்டும் என்று விட்டால் என்ன ஆகும்? ஐந்து நிமிடம் அமைதி. பிறகு ‘கொளக்’ என்று ஒரு விழுங்கல், ‘ஷ்ஷ்’ என்று உறிஞ்சல், மறுபடி அமைதி, மறுபடி ‘கொளக்’. இரவில் பக்கத்து அறையில் தூங்க முடியாது.

சத்தம் பிறப்பது நீரும் காற்றும் ஒரே குழாயில் முட்டிக்கொள்வதால். நீர் குறைவாக இருந்தால் குழாயின் உட்சுவரை ஒட்டிப் படலமாக வழுக்கி இறங்கும், நடுவே காற்றுக்கு வழி இருக்கும், சத்தம் குறைவு. நீர் கூடக்கூட அந்தப் படலம் தடித்து, ஓரிடத்தில் குழாயை அடைத்துக்கொள்ளும். அடைத்த கணத்தில் அது ஒரு பிஸ்டன். தன் எடையால் கீழே விழும்போது மேலிருப்பதை எல்லாம் உறிஞ்சி இழுக்கும். வடிகுழாய் நொடியில் இழுகுழாயாக மாறுகிறது. பெட்டியில் நிற்கும் நீர் மளமளவென்று வற்றி, குழாயின் வாய் வெளிப்பட்டதும் காற்றை ஒரு மிடறு விழுங்கி, இழுப்பு அறுந்துவிடும். மறுபடி பெட்டி நிரம்ப வேண்டும். வசுதேவர் கிண்ணம் என்று ஒரு பித்தளைப் பொம்மை உண்டு. நடுவில் குழந்தைக் கண்ணனைத் தூக்கிய வசுதேவர் நிற்பார். நீர் ஊற்ற ஊற்றக் கிண்ணம் நிறையும். கண்ணன் காலைத் தொட்டதும் யமுனை வடிவதுபோல் கிண்ணம் முழுக்க அடியால் ஒழுகிவிடும். உள்ளே மறைந்திருப்பது ஒரு வளைகுழாய். கொளகொளக்கும் வடிகுழாய் நாளெல்லாம் அதே விளையாட்டைத்தான் ஆடிக்கொண்டிருக்கிறது.

ஆக, குழாய் ஒன்று பெரும்பகுதி காற்றாக இருக்க வேண்டும், அல்லது காற்றே இல்லாமல் நீரால் நிரம்பியிருக்க வேண்டும். ரெண்டுங்கெட்டான் நிலைதான் ஆகாது. அடுக்குமாடிக் கட்டடங்களில் செங்குத்துக் கழிவுநீர்க் குழாயைக் குறுக்கு வெட்டில் கால் முதல் மூன்றில் ஒரு பங்கு வரை மட்டும் நீர் நிறையும்படி வகுப்பதும் இந்த அனுபவத்தில்தான்.

முதல் வழியைப் பிடித்தது டர்சோ என்ற பெயரால் அறியப்படும் குழாய். நிமிர்ந்த குழாயின் தலையில் ஒரு டீ, அதன் பக்கவாயில் கீழ்நோக்கிய எல்போ. நீர் மேற்பரப்புக்கு அடியிலிருந்து நுழைவதால் சுழல் விழுந்து காற்றை உறிஞ்சுவதில்லை. டீயின் மேல்மூடியில் ஒரு சிறு துளை. குழாய்க்கு வேண்டிய காற்று அதன் வழியாகச் சீராக வரும், இழுப்பு பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும். துளை சிறுத்தால் இழுப்பு பிடித்துக்கொண்டு பெட்டி வற்றும். பெருத்தால் அத்துளை வழியாகவே இரைச்சல் வரும். சரியான அளவை முயன்று பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரே குழாய், மலிவு. ஆனால் அந்த ஒரு குழாய் அடைத்தால் மாற்றுவழி இல்லை.

ஹெர்பி என்ற அமைப்பு எதிர்த்திசையில் போகிறது. குழாயை முழுக்க நிரப்பிவிடு, காற்றுக்கே இடம் கொடுக்காதே. பெட்டியின் நீர்மட்டம் சம்ப்பின் மட்டத்தைவிட 1 மீட்டர் உயரத்தில் இருந்தால், தடையே இல்லாத குழாயில் நீர் விநாடிக்கு 4.4 மீட்டர் வேகத்தில் பாயும். 25 மி.மீ. உள்விட்டக் குழாயில் அது மணிக்கு ஏறத்தாழ 7,800 லிட்டர். நுழைவாய், வளைவுகள், சுவரின் உராய்வு எல்லாம் கழித்துப் பாதி கிடைத்தாலும் 3,900. நமக்கு வேண்டியதோ 2,000. எனவே குழாயின் கீழ்ப்பகுதியில் ஒரு வால்வு வைத்து நெரிக்க வேண்டும். பால் வால்வு கால்சுற்றில் திறந்து மூடிவிடும். நுணுக்கமாகத் திருத்த இடம் தராது. பல சுற்றுத் திருகும் கேட் வால்வுதான் சரி. வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, பெட்டியின் மட்டம் குழாய் வாய்க்கு மேல் நிலையாக நிற்கும்படி விட்டால் அந்த அறையில் சத்தமே இருக்காது. ஊமையாக ஓடும் நீரைக் கையால் குழாயைத் தொட்டுத்தான் உணர முடியும்.

அந்த நிசப்தத்துக்கு ஒரு விலை உண்டு. கலிங்குக்குத் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் குணம் இருக்கிறது, நிறைகுழாய்க்கு அது ஏறக்குறைய இல்லை. 1 மீட்டர் உயரத்தோடு பெட்டியில் 2 செ.மீ. கூடினால் குழாயின் ஓட்டம் 1 சதவீதம்தான் கூடும். மோட்டார் அழுக்கேறிக் கொஞ்சம் தளர்ந்தாலோ வால்வில் ஒரு இலைத்துணுக்கு மாட்டினாலோ சமநிலை பிசகும். அதனால்தான் பக்கத்தில் இரண்டாவது குழாய். அதன் வாய் சற்று உயரத்தில், வால்வு இல்லாமல், திறந்தபடி இருக்கும்.

பீன் அனிமல் என்று அழைக்கப்படும் மூன்றுகுழாய் அமைப்பு இதை இன்னும் முழுமையாக்கியது. முதல் குழாய் நிறைந்து ஓடி ஏறக்குறைய எல்லா நீரையும் கொண்டுபோகும். இரண்டாவது திறந்த குழாய்; மீந்த சிறு கசிவு அதன் சுவரை ஒட்டி வழுக்கி இறங்கும், ஏற்ற இறக்கத்தை அதுவே தாங்கிக்கொள்ளும். அதற்குக் காற்று தரும் சிறு குழலின் முனை வழக்கமான நீர்மட்டத்துக்குச் சற்று மேலே நிறுத்தப்பட்டிருக்கும். முதல் குழாய் அடைத்து நீர் ஏறினால் அந்த முனை மூழ்கும், காற்று தடைபடும், இரண்டாவது குழாயும் தானாக நிறைகுழாயாக மாறி முழு வேகத்தில் இழுக்கத் தொடங்கும். மூன்றாவது அவற்றுக்கும் மேலே, வெறுமையாக, காத்திருக்கும்.

அந்த மூன்றாவது குழாயைப் பற்றி நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தொட்டி வைத்து ஐந்தாறு ஆண்டுகள் ஆகியும் அதில் ஒரு சொட்டு நீர் இறங்கியிருக்காது. ஒரு துளை வீண், ஒரு கனெக்டர் வீண் என்று பலர் அதைத் தவிர்க்கிறார்கள். வேறு சிலர் அதன் வழியாகவே மோட்டார் நீரை மேலே கொண்டுவருகிறார்கள். இரண்டும் தவறு. எப்போதும் நீர் ஓடும் குழாயில்தான் நத்தை குடியேறும், பாசி படரும். ஓடாத குழாய் அடைபடுவதில்லை. அதன் வெறுமைதான் அதன் தகுதி. ஆண்டு முழுக்கக் காய்ந்து கிடக்கும் கலிங்கு வாய்க்காலை யாரும் ஆக்கிரமிக்காமல் விட்டுவைப்பது எவ்வளவு தேவையோ, இதுவும் அவ்வளவு தேவை.

துளையிட முடியாத தொட்டிகளும் உண்டு. பதப்படுத்திய கண்ணாடியில் துளைக்கருவி பட்டால் முழுப்பலகையும் நொறுங்கிவிடும். அப்படிப்பட்ட தொட்டிக்கு விளிம்பில் தொங்கவிடும் பெட்டி கிடைக்கிறது. உள்ளே ஒரு பெட்டி, வெளியே ஒரு பெட்டி, இரண்டையும் இணைக்கும் தலைகீழ் ‘ப’ போன்ற வளைகுழாய். இரு முனைகளும் எப்போதும் நீருக்குள். உள்பெட்டியில் மட்டம் உயர்ந்தால் நீர் தொட்டியின் விளிம்பைத் தாண்டி வெளிப்பெட்டிக்கு இறங்கும். மட்டங்கள் சமமானால் ஓட்டம் நிற்கும், ஆனால் குழாய் நிறைந்தபடியே காத்திருக்கும். மின்சாரம் போய் வந்தாலும் தானே தொடங்கும். கேட்க அழகாக இருக்கிறது.

நான் வைத்த முதல் ஏற்பாடு அதுதான். எட்டு மாதம் குறையின்றி ஓடியது. வளைகுழாயின் உச்சியில் நீரின் அழுத்தம் வெளிக்காற்றைவிடச் சற்றே குறைவு. நீரோடு வரும் நுண்குமிழிகள் அங்கே ஏறித் தங்கும். ஓட்டம் வேகமாக இருந்தால் அவற்றை அடித்துக்கொண்டு போய்விடும். என் குழாய் வேண்டியதைவிடப் பெரிது, ஓட்டம் மந்தம். உச்சியில் சுண்டுவிரல் நகம் அளவு குமிழி ஒன்று நிற்பதை நான் பல நாள் பார்த்திருந்தேன், பொருட்படுத்தவில்லை. ஒரு ஐப்பசி இரவு மின்சாரம் போய் இரண்டு மணிக்குத் திரும்பியது. குமிழி இதற்குள் குழாயின் முழு அகலத்துக்கும் பரவியிருந்தது போலும், இழுப்பு பிடிக்கவில்லை. மோட்டார் தன் கடமையைச் செய்தது. கீழ்வீட்டு அக்கா கதவைத் தட்டி, “தம்பி, எங்க கூரையில தண்ணி சொட்டுது” என்று சொன்னபோதுதான் விழித்தேன். கூடத்தில் உள்ளங்கால் நனைய நீர். தொட்டிக்கடியில் தரையில் கிடந்த மின்பலகைக்கும் அந்த நீருக்கும் இடையே விரற்கடை தூரம். மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த விரற்கடையை நினைத்தால் இன்றும் உடல் பதறுகிறது. மின்பலகையைச் சுவரில் உயரமாக மாட்டுங்கள். ஒவ்வொரு வயரும் பிளக்குக்கு ஏறும் முன் ஒருமுறை கீழே தொங்கி வளையட்டும். வயர் வழியே ஒழுகும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்கை எட்டாது.

அந்த இரவுக்குப் பிறகு எந்தத் தொட்டியைப் பார்த்தாலும் இரண்டு கணக்குகளைப் போடாமல் இருக்க முடியவில்லை.

முதலாவது, மோட்டார் நின்றால். நம் தொட்டியில் 1 செ.மீ. நீர் என்பது 5.4 லிட்டர். விளிம்புக்கு மேல் நின்ற படலம் வழிந்து 5.4 லிட்டர் கீழே வரும். பெட்டியிலும் குழாய்களிலும் இருப்பது இன்னொரு 6 லிட்டர். இதோடு நிற்காது. மோட்டாரிலிருந்து மேலே வரும் குழாயின் வாய் நீருக்குள் மூழ்கியிருந்தால், மோட்டார் நின்ற நொடியில் அது தலைகீழாக இழுக்கத் தொடங்கும். வாய் வெளிப்படும்வரை விடாது. விளிம்புக்கு 5 செ.மீ. கீழே அந்த வாய் இருந்தால் இன்னும் 27 லிட்டர். மொத்தம் 38 லிட்டரை ஒட்டி. 90 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலமுள்ள சம்ப்பில் அது 12 செ.மீ. உயரம். சம்ப்பில் அவ்வளவு இடம் வெறுமையாக இருக்கிறதா? வாயை விளிம்புக்கு 1 செ.மீ. கீழே மட்டும் வைத்தால் மொத்தம் 17 லிட்டருக்குள் முடிந்துவிடும். குழாயில், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, சிறு துளை இட்டாலும் காற்று நுழைந்து இழுப்பு அறும். துளையைப் பாசி மூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருவழி வால்வை நம்பி இருக்காதீர்கள். அதன் மடலில் ஒரு மணல் துகளோ சுண்ணாம்புப் படிவோ சிக்கினால் போதும், கசியும்.

இரண்டாவது, குழாய்கள் அடைத்தால். மோட்டாருக்குத் தெரியாது, அது ஏற்றிக்கொண்டே இருக்கும், தன் அறையில் நீர் தீரும்வரை. சம்ப்பைத் தடுப்புக் கண்ணாடிகளால் அறைகளாகப் பிரிப்பதில் ஒரு பாதுகாப்பு இங்கே ஒளிந்திருக்கிறது: மோட்டாரால் தன் அறையை மட்டும்தான் காலி செய்ய முடியும். அந்த அறை 25 செ.மீ.க்கு 35 செ.மீ. என்றால், மோட்டாரின் வாய்க்கு மேல் 15 செ.மீ. நீர் நிற்கும்போது இருப்பு 13 லிட்டர். மேலே தொட்டியில் நீர்மட்டத்துக்கும் கண்ணாடி உச்சிக்கும் இடையே 3 செ.மீ. இருந்தால் 16 லிட்டர் கொள்ளும். 13 லிட்டர் 16க்குள் அடங்கும், தரை நனையாது. ‘ஆவியாகும் நீரை ஈடுகட்டலாமே’ என்று அந்த அறையைப் பெரிதாக்குகிறவர்கள் இந்தக் கணக்கை மறந்துவிடுகிறார்கள்.

ஆவியாதலும் அந்த அறையில்தான் கண்ணுக்குத் தெரியும். மேலே விளிம்பு மட்டத்தைப் பிடித்திருக்கிறது, தடுப்புகள் மற்ற அறைகளைப் பிடித்திருக்கின்றன. குறைவது எல்லாம் கடைசி அறையில் குறையும். ஒரு நாளில் 3 லிட்டர் ஆவியானால் அங்கே மட்டம் 3.4 செ.மீ. இறங்கும். கடல்நீர்த் தொட்டியென்றால் ஈடுகட்டுவது நன்னீரால் மட்டுமே. லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்திருக்கும் நீரிலிருந்து நீர்தான் ஆவியாகிறது, உப்பு அங்கேயே நின்றுவிடுகிறது.

நிறைகுழாயைப் பற்றி ஒரு சிறு விவரம், தவறவிட்டால் மறுதொடக்கத்தில் கழுத்தறுக்கும். மின்சாரம் திரும்பும்போது குழாய் முழுக்கக் காற்று. மேலிருந்து வரும் நீர் அந்தக் காற்றைக் கீழ்வாய் வழியாகத் தள்ளி வெளியேற்றினால்தான் இழுப்பு பிடிக்கும். கீழ்வாய் சம்ப் நீரில் ஆழமாக மூழ்கியிருந்தால் காற்று அந்த ஆழத்தின் அழுத்தத்தை வெல்ல வேண்டும். முடியாமல் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். அதனால் கீழ்வாய் இரண்டரை செ.மீ. மட்டும் மூழ்கியிருந்தால் போதும்.

புதுத் தொட்டியைக் கட்டி முடித்ததும் மீன் விடுவதற்கு முன் நான் செய்வது ஒன்றுதான். எல்லாம் சீராக ஓடத் தொடங்கியபின் சம்ப்பின் கண்ணாடியில், உச்சியிலிருந்து மூன்று விரல் கீழே, ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டுவேன். பிறகு மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தரையில் உட்காருவேன். விளிம்பில் படலம் மெலிந்து, நூலாகி, சொட்டாகி நிற்கும். மேல்குழாய் சில நிமிடம் இழுத்து, ஒரு மூச்சுக் காற்றை விழுங்கி அறும். சம்ப்பில் மட்டம் ஏறிக்கொண்டே வரும், டேப்பை நோக்கி. போன வாரம் நண்பர் வீட்டில் செய்தபோது அது டேப்புக்கு இரண்டு விரல் கீழே நின்றது. பிளக்கை மறுபடி சொருகினோம். நாற்பது விநாடி கொளகொளத்துவிட்டுக் குழாய் வாயடைத்தது. நண்பரின் மகள் காதைக் குழாயில் வைத்துக் கேட்டுவிட்டு, ஓடுகிறது என்று தலையை ஆட்டினாள்.